பன்னிரண்டு பதின்மூன்று ஸ்பேனர்

பெருநகர்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள சுகிர்தாவுக்கு, உன் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். கோவாவில் நீயும் உன்னோடு படகில் வரும் சுபாஷ்ரீயும் சுகம்தானே? போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய். அதனால்தான் எழுதி, உனக்கு அனுப்பும் ரிப்பேர் சாமான் பெட்டிக்குள் வைக்கிறேன்.

நீ கேட்டதெல்லாம் வைத்துவிட்டேன். படகுப் பாய் கிழிந்தால் தைக்க ஊசி, மெழுகு நூல், ஒட்டுத் துணி. பாய்மரத்தை இழுத்துக் கட்டும் கம்பி அறுந்தால் கிளாம்பு, ஆக்ஸா பிளேடு. ஒவ்வொரு ஸ்பேனரிலும் கயிறு கட்டியிருக்கிறேன். மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு வேலை செய். இங்கே சேற்றில் விழுந்தால் துழாவி எடுக்கலாம். அங்கே போனால் போனதுதான்.

பெட்டி அலையைத் தாங்குமா என்று பார்க்க, பெருமாளின் டிராக்டர் டிரெய்லரில் கட்டி, செய்யாற்றங்கரைப் பள்ளம் மேடெல்லாம் ஓட்டச் சொன்னேன். இரண்டாவது பள்ளத்திலேயே நட்டு போட்ட கண்ணாடி பாட்டில் நொறுங்கியது. இப்போது எல்லாம் பிளாஸ்டிக் டப்பா. "இன்னாடா, பெட்டிக்கு ஊரு சுத்திக் காட்டிக்கினு கீற?" என்று கிண்டல் செய்தான். என் பொண்டாட்டி பாய்மரப் படகில் மொரீஷியஸ் போறாடா, உன் வூட்ல யாராவது போயிருக்காங்களா என்று கேட்டேன். உடனே டிராக்டரைத் திருப்பி இன்னொரு சுற்று ஓட்டினான்.

முக்கியமான விஷயம். படகு இன்ஜினின் தண்ணீர் பம்புக்கு, தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம், புது இம்பெல்லர் வைத்திருக்கிறேன். புதுசு என்று நம்பி அப்படியே வைத்திருக்காதே. போன மாதம் புள்ளலூரில் ஒரு கிணற்று மோட்டாருக்குப் புதுசு கொண்டுபோய், அளவு பிசகி, கடைக்குத் திரும்ப வண்டியை விரட்டியவன் நான். நடுக்கடலில் எந்தக் கடைக்குப் போவாய்? கிளம்பும் முன்பே கரையில் புதியதை மாட்டி ஓட்டிப் பார். ஓடினால் அதுவே இருக்கட்டும். இதுவரை ஓடிய பழையதைக் கழற்றிப் பெட்டியில் வை. அது பொருந்தும் என்பதாவது நிச்சயம்.

அம்மா முதலில் உன்னைத் திட்டித் தீர்த்தாள். நேற்று உத்திரமேரூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம், "எம் மருமவ கடல்ல படகு ஓட்றா, ரிப்பேரும் அவளே பாத்துக்குவா" என்று அளந்துகொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சுற்றுவட்டாரத்தில் எந்த மோட்டார் நின்றாலும் எனக்குத்தான் போன் வருகிறது. உன் படகு நின்றால் மட்டும் என்னால் வர முடியாது. பயமாகத்தான் இருக்கிறது, சுகி. ஆனால் உன் கை வேலையைப் பார்த்தவன் நான். சமாளிப்பாய்.

பெட்டியில் இருக்கும் பன்னிரண்டு பதின்மூன்று சைஸ் ஸ்பேனர் மட்டும் என்னுடையது. புதியது வழுக்குகிறது என்று இதை வைத்தேன். இனி அவசரத்துக்கு சுகுமார் கடையில் இரவல் வாங்கித்தான் ஓட்ட வேண்டும், பெரிய பேஜார். பார்சலில் அனுப்பிவிடாதே. நீயே கொண்டுவந்து என் கையில் கொடு.

ஸ்பேனருக்காகக் காத்திருக்கும்,
செந்தமிழன்