பிரித்துப் பூட்டிய கைக்கடிகாரம்

மார்ச் 4

என் வீட்டுக்காரர் ஜிக்மாருக்கு வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணும் கோடைக்குள் மங்கிவிடும் என்கிறார் டாக்டர். அதற்குள் கடிகாரம் செய்கிற ரோஷர், நாங்கள் சொல்லிவைத்த கைக்கடிகாரத்தைக் கொடுத்தாக வேண்டும். ஜிக்மாருக்கு அதில் மணி பார்க்கிற எண்ணமே கிடையாது. பின்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே ஓடுவதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். ஆயுசு முழுக்க இதே ஆசை.

மார்ச் 19

பஸ் ஏறி, கடிகாரத்துக்குப் பேர்போன க்ளாஸ்ஹூட்டே ஊருக்குப் போனேன். ரோஷர் ஒற்றை ஆள், வீட்டு மாடியில்தான் பட்டறை. மேஜைமேல் எங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மனசு குளிர்ந்துபோய், கொடுங்கள் என்றேன்.

"இனிமேதான் பிரிக்கணும்."

இந்த ஊர் வழக்கமாம். ஒருமுறை பூட்டி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு திருகு திருகாகக் கழற்றி, மெருகேற்றி, மறுபடி பூட்டுவார்கள். முகப்புக்கு அடியில் ஒளிந்திருக்கிற துண்டுக்குக்கூட மெருகாம்! அதை எவன் பார்க்கப்போகிறான் என்று கேட்டேன். "நான் பார்ப்பேன்ல," என்றார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஏப்ரல் 8

போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 9

எடுத்தார். ஏதோ ஒரு தகட்டின் ஓரச் சரிவு பிடிக்கவில்லையாம், புதிதாகச் செய்கிறாராம். கத்திவிட்டேன். என்னால முடியல. "அவருக்குக் கண்ணு போகுதுங்க, புரியுதா இல்லையா?" பிறகு, மெருகேற்றாமலேயே பூட்டித் தருகிறேன் என்றார்.

ஜெயித்தேன்.

மே 2

கடிகாரம் வந்தது. ஜிக்மார் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்தார். நான் கேக்கை வெட்டிவைத்துக் காத்திருந்தேன்.

"அரம் ராவின தடம் அப்படியே இருக்கு. திருப்பிக் கொடுத்துடு."

"அப்புறம் உங்களால பார்க்க முடியாதே."

"பரவாயில்ல. அரைகுறையா என் கையில வேண்டாம்."

யாருக்காகச் சண்டை போட்டேனோ அவரே என்னைக் கவிழ்த்துவிட்டார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் எதற்கு? கேக்கை நானே தின்றேன். அழுகையாக வந்தது.

ஆகஸ்ட் 27

இடது கண்ணும் இருட்டிவிட்டது. திருப்பிக் கொடுத்த கடிகாரம் பற்றி ரோஷரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

அக்டோபர் 11

வந்தது. ஜிக்மார் அதை உள்ளங்கையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, என்ன தெரியுது என்றார். அழகா இருக்கு என்றேன்.

"அழகா இருக்குன்னா? ஒழுங்காப் பார்த்துச் சொல்லு."

வேறு வழியில்லாமல் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகினேன். தகட்டின் ஓரம் முழுக்க ஒரு கோடு வெளிச்சம். கொஞ்சம் சாய்த்தால் அதுவே கன்னங்கறுப்பு. இரண்டு சரிவுகள் சேருகிற மூலை ஊசிமுனை மாதிரி. இவர் கேட்க நான் சொல்ல, அடுப்பில் உருளைக்கிழங்கு சூப் அடிப்பிடித்துப்போனது.

அக்டோபர் 14

ஒரு கீறல். உள்ளே பதித்திருக்கிற சிவப்புக் கல்லுக்குப் பக்கத்தில், முடியைவிட மெல்லிசாக. சொன்னால் மறுபடி அனுப்பச் சொல்வார். எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 15

காலையில் பார்த்தேன். மத்தியானமும் பார்த்தேன். அங்கேயேதான் இருக்கிறது, சனியன்.

அக்டோபர் 16

காப்பி குடிக்கும்போது ஜிக்மாரிடம் சொன்னேன். சிரித்துவிட்டுக் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

இதை பஸ்ஸில் எழுதுகிறேன். பெட்டி மடியில் இருக்கிறது. ரோஷர் பிரிக்கும்போது நான் பக்கத்திலேயே உட்காரப் போகிறேன்.