வலது கால் செருப்பு

செஷ்வான் 12, திங்கள்

நான் எழுதும் ஊர் வழக்க நூலில், சபத் என்னும் ஓய்வுநாள் வாசிப்பு பற்றிய அத்தியாயம் முடிந்தது. முறையிட ஒரு குறை உள்ளவர் எழுந்து வந்து வாசிப்பு மேசையில் கை வைத்தால், அதற்கு விடை சொல்லும்வரை மறைச்சுருளை வெளியே எடுக்கக் கூடாது என்ற எங்கள் ரைன் கரை வழக்கத்தையும் எழுதிவிட்டேன். ஸ்பெயினில் இதைச் சொன்னபோது நம்பாமல் சிரித்தார்கள்.

சபைத் தலைவர் ஸ்யூஸ்கின்ட் வந்து, "அதை எடுத்துடுங்க ரபி. வெளியூர்க்காரன் படிச்சா நாம ஜெபக்கூடத்துலயும் சண்டை போடறவங்கன்னு நினைப்பான்" என்றார்.

"நாதியத்தவங்களுக்கு இருக்கிற ஒரே வாசல் அது. எடுக்க மாட்டேன்."

அவர் போனதும் "ஆணாயினும் பெண்ணாயினும்" என்று சேர்த்தேன். என்மேல் எனக்கே பெருமையாக இருந்தது.

செஷ்வான் 15, வியாழன்

இன்று எழுதியது: பிள்ளையில்லாமல் ஒருவன் இறந்தால் அவன் மனைவி அவன் தம்பிக்குக் கட்டுப்பட்டவள். நீதிமன்றத்தின் முன் அவள் தம்பியின் வலது கால் செருப்பை அவிழ்த்து, அவன் முன்னால் தரையில் துப்பினால்தான் அவளுக்கு விடுதலை. அதன் பிறகே வேறு கல்யாணம். மூன்று மாதம் கழிந்ததும் தம்பி தாமதிக்கலாகாது.

மூன்று மாதம். என் அண்ணன் மெஷுல்லாம் பிள்ளையில்லாமல் காய்ச்சலில் போய் பத்தொன்பது மாதம் ஆகிறது.

ஆனால் செருப்பு விஷயம் தீரவில்லையே! முழுக்கத் தோலால் தைக்க வேண்டும், சரி. வாருக்கு எத்தனை முடிச்சு? மைன்ஸில் ஒன்று சொல்கிறார்கள், த்ருவாவில் வேறு. ஏழு கடிதம் போட்டிருக்கிறேன். நான்குக்குத்தான் பதில் வந்தது. தப்பான செருப்பால் கிடைத்த விடுதலை விடுதலையாகுமா?

செஷ்வான் 20, செவ்வாய்

சாப்பிடும்போது மின்னா ஆரம்பித்தாள். "ஊர்ல எல்லாரும் செருப்பைக் கால்ல போடறாங்க. கடுதாசியில போடறது என் புருஷன் ஒருத்தர்தான்."

"சட்டம் தெரியாம பேசாதே."

"எனக்குச் சட்டம் தெரியாது. யூட்டா அக்காவுக்கு முப்பத்திமூணு வயசுன்னு தெரியும். ஊர்ட்ஸ்பர்க்காரர் அவங்களைப் பொண்ணு கேட்டு ரெண்டாந்தரம் ஆள் அனுப்பிட்டார்னும் தெரியும். ஹனுக்கா விளக்குப் பண்டிகைக்கு மேல காத்திருக்க மாட்டாராம்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

செஷ்வான் 27, செவ்வாய்

கொலோனிலிருந்து பதில். மூன்று முடிச்சாம். குழப்பம் கூடிவிட்டது.

கிஸ்லேவ் 3, ஞாயிறு

என் கிறுக்கல் எழுத்தைத் திருத்தமாகப் படியெடுப்பது யூட்டா அண்ணிதான். பெரிய படிப்பாளியின் மகள். ஊரில் அவர் கையெழுத்துக்கு ஈடு கிடையாது. இன்று தோல் ஏடுகளைக் கொண்டுவந்து வைத்தார். "மூன்று மாதம் கழிந்ததும் தம்பி தாமதிக்கலாகாது" என்ற வரியோடு நின்றிருந்தது. கீழே பாதி ஏடு வெறுமை.

"மிச்சம் எங்கே அண்ணி?"

"அதுக்கு மேல கை ஓடல, தம்பி."

"பதில் எல்லாம் வந்துடட்டும். முடிச்சு எத்தனைன்னு..."

"உங்க அண்ணன் இருந்திருந்தா, எட்டாவது கடுதாசிக்கு அவரே மை கலக்கிக் கொடுத்திருப்பார்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்குப் பிள்ளை வேணும், தம்பி. அவ்வளவுதான்" என்றார்.

நான் பேனாவைச் சீவிக்கொண்டிருந்தேன். சீவிச் சீவிப் பாழாக்கினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

கிஸ்லேவ் 10, ஞாயிறு

சபத்தில் எழுதக் கூடாது. நேற்று முழுக்க இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்தேன்.

சுருளை எடுக்கப் பேழையைத் திறக்கும் நேரம். பெண்கள் பக்கத்துக் கதவு திறந்தது. அண்ணி நேரே நடந்து வந்து வாசிப்பு மேசையில் இரண்டு கையையும் வைத்தார்.

"என் குறைக்கு விடை சொல்லாம இன்னைக்கு வாசிப்பு கிடையாது."

ஸ்யூஸ்கின்ட் எழுந்தார். "யார் மேல குறை, அம்மா?"

"கிழக்குச் சுவரோரம் உட்கார்ந்திருக்காரே, ஊர் வழக்கமெல்லாம் எழுதற ரபி, அவர் மேல."

தம்பி என்று சொல்லவில்லை.

பின்வரிசையில் எவனோ, "ரபிக்கு இன்னும் செருப்பு கிடைக்கலையாம்ப்பா!" என்றான். கூடமே சிரித்தது. எனக்குக் காது எரிந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: அந்த நேரத்திலும் பெண் நிறுத்தியது செல்லாது என்று சொல்ல ஏதாவது வழி கிடைக்குமா என்று என் மூளை துழாவியது. ஆணாயினும் பெண்ணாயினும்! நானேதான் எழுதி வைத்திருக்கிறேன்.

ஸ்யூஸ்கின்ட் என்னைப் பார்த்தார். "என்ன ரபி, அந்த வாசலை மூடிடலாமா?"

பாவி மனுஷன்.

முடிச்சும் இல்லை, மண்ணும் இல்லை. அண்ணி என் முன்னால் துப்புவார், ஊர் பார்க்கும், அதுதான் எனக்குப் பயம். இன்னொன்றும் உண்டு. அந்தச் செருப்பு கழன்றால் மெஷுல்லாம் வீடு என்று ஒன்று இருக்காது. அண்ணா, உன்னை இன்னொரு தரம் புதைக்க என்னால் முடியவில்லை. அதற்காக அண்ணியைப் பத்தொன்பது மாதம் கட்டிப்போட்டேனே, நானெல்லாம் ஒரு மனுஷனா?

"செவ்வாய்க்கிழமை" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன். அண்ணி கையை எடுத்தார். வாசிப்பு நடந்தது.

கிஸ்லேவ் 12, செவ்வாய்

காலையில் முடிந்தது. நம் நீதிமன்றத்தில் நெடுங்காலமாக இருக்கும் பழைய செருப்புதான். முடிச்சை யாரும் எண்ணவில்லை. அண்ணி குனிந்து ஒரு கையால் அவிழ்த்தார். முன்னால் துப்பினார். அண்ணன் வீட்டைக் கட்டாதவன் என்று முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார், அழுதுகொண்டே. நானும் அழுதேன். ஒற்றைக் கால் வெறுங்காலாக, ஊர் பார்க்க.

வீட்டுக்கு வந்ததும் மின்னா சூடாகக் கஞ்சி ஊற்றினாள்.

அந்த அத்தியாயத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்து, படியெடுக்க அனுப்பினேன்: "இந்த விதியை எழுதியவனே இதை மீறி, ஒரு பெண்ணைப் பத்தொன்பது மாதம் காக்க வைத்தான்."

கிஸ்லேவ் 25, திங்கள்

இன்று மாலை ஹனுக்காவின் இரண்டாம் விளக்கு. மதியமே ஊர்ட்ஸ்பர்க் வண்டி வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் அண்ணி ஏடுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தியாயம் முழுவதும் இருந்தது, முடிச்சுக் குழப்பம் உட்பட, ஒரு பிழை இல்லாமல். அந்தக் கடைசி வரி மட்டும் இல்லை. அது நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

"ஒரு வரி விட்டுப்போச்சே அண்ணி."

"விட்டுப்போகல. அதை உங்க கையாலயே எழுதுங்க, ரபி."

வண்டி போன பிறகு எழுதினேன். அவ்வளவு அழகான எழுத்துக்குக் கீழே என் கிறுக்கல் தனியாகத் தெரிகிறது.