அப்பாவுக்குச் சுண்ணாம்புச்சத்து இறங்கியது

தொங்யோங்,
ஏப்ரல் 9

அன்பு மகள் ஹேரிமுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். இருவரும் என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. நீயும் மாப்பிள்ளை மத்தேயோவும் சிலியில் நலமாயிருக்க வேண்டும். நேற்று போனில் நான் அழுததில் பயந்திருப்பாய், அது சந்தோஷ அழுகைதான் கண்ணே, பேச வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன், முடித்ததும் அத்தையின் போனில் படமெடுத்து அனுப்பிவிடுவேன், நிதானமாகப் படி.

போன வாரம் அப்பா என்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா? எங்க வீட்டுக்காரி இப்ப வந்துடுவா, உக்காருங்க" என்றார். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளிடம் இவ்வளவு மரியாதை! எனக்கு உயிரே போய்விட்டது. நுரையீரல் கட்டி மூளைக்கு ஏறிவிட்டது என்றே எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், வயிறு இறுகிப்போய், சோறு கண்டால் குமட்டல், பகலெல்லாம் தூக்கம். உன் தக்சூன் அத்தை தண்ணீரைக் குறைக்கச் சொன்னாள், நானும் குறைத்தேன். அண்ணனுக்கு எலும்பு தேறட்டும் என்று மாட்டெலும்பை விடிய விடியக் கொதிக்கவைத்து, பால்போல் வெளுத்த சூப்பைக் கிண்ணம் கிண்ணமாக ஊட்டினாள். அத்தோடு விட்டாளா? சாவு வீட்டில் வைக்கிற மாதிரி அப்பா படத்தையும் சட்டம் போட்டு வாங்கி வந்துவிட்டாள். முன்னாலேயே செய்து வைத்தால் ஆயுசு கூடுமாம்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த கு என்கிற டாக்டரம்மாதான் நம் தெய்வம். தலையைப் படமெடுத்துப் பார்த்தால் மூளையில் ஒன்றுமே இல்லை. உடனே ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னார், அது எங்கேயோ ஏறி நிற்கிறது! அத்தை தன் சூப்புதான் அண்ணனைக் கொன்றது என்று தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, சூப்பால் இப்படி ஏறாது என்றார். சில கட்டிகள் ஒரு பொருளைச் சுரக்குமாம், அது நம் உடம்பின் உத்தரவு மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு போய், எலும்பிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து ரத்தத்தில் கொட்டச் சொல்லுமாம். சிறுநீரகம் அதை வெளியே தள்ள முடியாமல் தண்ணீரையெல்லாம் இழக்கும், அதில்தான் தாகம், அதில்தான் புத்தித் தடுமாற்றம். நான் தண்ணீரைக் குறைத்ததுதான் தப்பாம். சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், திட்டவில்லை.

அன்றே நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள், எலும்பு கரையாமல் தடுக்கிற மருந்தும் ஏற்றினார்கள். நாலாம் நாள் காலை நான் கட்டிலடியில் மருந்துப்பையைத் தேடும்போது நான் அங்கே ஒளித்து வைத்திருந்த அந்தப் படம் வெளியே சரிந்து விழுந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து அதை எடுத்துப் பார்க்கிறார். "ஹேரிம் அம்மா, நான் என்னைக்குடி டை கட்டுனேன்? எவன் கழுத்துல என் தலைய ஒட்டி வெச்சிருக்கா அந்தக் கழுதை?" என்றார். அடியே, என்னை அடையாளம் தெரிந்துவிட்டது! அத்தை வராந்தாவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அப்பா அப்புறம் கஞ்சியும் முள்ளங்கிக் கிம்ச்சியும் கேட்டுச் சாப்பிட்டார்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். கட்டி அங்கேயேதான் இருக்கிறது. மருந்து சில வாரம் தாங்கும், மறுபடி ஏறலாம், ஒவ்வொரு முறையும் இறக்குவது கஷ்டமாகும், காலம் அதிகமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அப்பாவே கேட்டார், அவரிடமும் மறைக்கவில்லை. அப்பா என்னைக் கட்டிலருகே உட்காரச் சொன்னார். பிறகு, "அவளை வரச் சொல்லு. அந்தப் பையனையும் கூட்டிட்டு வரட்டும். நான் புத்தியோட இருக்கறப்பவே வரணும், அப்புறம் வந்தா யாருன்னு கேட்டுடுவேன்" என்றார். நீ மத்தேயோவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உன் பேச்சையே எடுக்காத மனுஷன்!

இருவரும் நீண்ட ஆயுளோடு, மனம் ஒத்து வாழ என் ஆசிகள். வருகிற வழியில் தூங்கு, வேளைக்குச் சாப்பிடு. நீ அனுப்புவதாகச் சொன்ன கால்சியம் மாத்திரை வேண்டவே வேண்டாம். மாப்பிள்ளைக்கு "மாமா" என்று நம் பாஷையில் கூப்பிடச் சொல்லிக்கொடு, அது போதும். டிக்கெட் எடுத்ததும் போன் பண்ணு. என் போன் இப்போது அப்பாவின் தலையணைக்கடியில் இருக்கிறது, எனக்குத் தர மாட்டேன் என்கிறார். அவர்தான் எடுப்பார், பயந்து வைத்துவிடாதே.

உன் அம்மா