அரைக் கட்டம்

என்செலடஸ் நிலவு, தென்முனை நிலையம்
பதிவு: சுடலைமுத்து, தனி ஆள்

வெடித்து 4 மணி நேரம்

வழக்கமான பதிவு. பனிப் பிளவு நீராவியைக் கக்கி ஓய்ந்தது. தரை நடுக்கம் இயல்பு. தரவு அனுப்பும் ஆன்டெனா செத்துவிட்டது, குரல் மட்டும் போகிறது. ஆக்சிஜன் கருவி உறைந்துகொண்டிருக்கிறது. இரண்டு நாள் தாங்கும்.

என்னை ஏற்றிப்போக ரெஜினாவே இறங்குபடகில் வருகிறாளாம். மேலே சுற்றும் எங்கள் கப்பலின் ஆய்வுத் தலைவி. எனக்கு மூன்று வருடம் பின்னால் சேர்ந்தவள். நான் ஒரு வாரம் மல்லுக்கட்டிய தரவு வளைவை டீ குடித்துக்கொண்டே போட்டு முடித்தவள். இப்போது எல்லா நிலையத்திலும் அவள் கணக்கு முறைதான். வயிறு எரிகிறது, மறைப்பானேன்.

வெடித்து 9 மணி நேரம்

ஆவி அடங்க முப்பத்தொரு மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு, அடுத்த வெடிப்புக்கு முன்னால் படகு இறங்கி ஏற வேண்டும். அடுத்த வெடிப்பு எப்போது? அதை நான்தான் சொல்ல வேண்டும். தரவு என்னிடம்தான் இருக்கிறது.

வெடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரங்களை ஹிஸ்டோகிராமாக, பட்டை பட்டையாக அடுக்கினேன். கட்டம் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம். பட்டைகளின் உயரத்தை எடுத்து அதன்மேல் மணி வடிவ வளைவைப் பொருத்தினேன். உச்சி முப்பத்துமூன்று மணி, அப்போதுதான் வெடிக்கும். ஒரு மணி நேரம் முன்பே, முப்பத்திரண்டில் இறங்கச் சொன்னேன்.

வெடித்து 11 மணி நேரம்

பொதுவரிசையில் அழைத்தாள். கணக்கோ திருத்தமோ எதுவானாலும் கப்பலில் அத்தனை பேரும் கேட்கச் சொல்வதுதான் எங்கள் விதி.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? கோவப்படாதீய. பழைய வெடிப்பெல்லாம் முப்பத்திரண்டு பக்கம்லா வந்துச்சு. பட்டையோட விளிம்பைப் போட்டீயளா, நடுப்புள்ளியைப் போட்டீயளா?"

"நடுப்புள்ளிதாம்மா. இதுகூடவா எனக்குத் தெரியாது?"

"செரிண்ணே. நீங்க சொன்னா செரிதான்."

பள்ளிக்கூடப் பையனைக் கேட்பதுபோல் கேட்கிறாள், அதுவும் எட்டுப் பேர் காதுபட.

வெடித்து 24 மணி நேரம்

அவள் மூக்கை உடைக்கலாம் என்று அட்டவணையைத் திறந்தேன்.

பட்டைகள் பதினெட்டு. விளிம்புகள் பத்தொன்பது. நீளம் பொருந்தவில்லை என்று மென்பொருள் மறுத்திருக்கிறது. நான் முதல் விளிம்பை வெட்டி எறிந்திருக்கிறேன். அதோடு அது வாயை மூடிக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு பட்டையும் தன் நடுவில் நிற்காமல் வலது விளிம்பில் போய் நிற்கிறது. அரைக் கட்டம், அதாவது ஒரு மணி நேரம், முழு வளைவும் தள்ளிப்போயிருக்கிறது.

வெடிப்பு முப்பத்திரண்டில். நான் அவளை இறங்கச் சொன்ன அதே நேரத்தில்.

வெடித்து 25 மணி நேரம்

சொல்ல வேண்டும். மைக்கை இரண்டு முறை எடுத்தேன். யாரும் சிரிக்க மாட்டார்கள். "பரவால்லண்ணே" என்பாள். அதுதான் எனக்குத் தாங்காது.

பிழை என்று சொல்லத் தேவையில்லை. நடுக்கத் தரவையும் சேர்த்துப் புதிதாகப் பொருத்தியதில் நேரம் முந்துகிறது என்று சொன்னால் போதும். அதற்கு ஒரு நல்ல வளைவு வேண்டும். படகு கிளம்ப இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது.

வெடித்து 28 மணி நேரம்

இரண்டு உச்சி வைத்துப் பார்த்தேன். அவள் முறையைவிட அழகாக உட்காருகிறது. நிஜமாகவே அழகாக. இன்னும் கொஞ்சம் இழைத்தால் அவளே ஒப்புக்கொள்வாள்.

வெடித்து 29 மணி நேரம், 20 நிமிடம்

அழைத்தேன். பதில் இல்லை. இறங்கும்போது படகின் ஆன்டெனாவை மடக்கிவிடுவார்கள், அதன்பின் எதுவும் கேட்காது. கப்பல் நிலவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, படகு இறங்கிய பிறகுதான் திரும்பும்.

நான் வளைவில் மூழ்கியிருந்தபோது அவள் பேசியது பதிவாகியிருக்கிறது.

"கெளம்பிட்டேண்ணே. உங்களுக்குன்னு கடலமிட்டாய் எடுத்து வச்சிருக்கேன். பயப்படாம இருங்க."

வெடித்து 31 மணி நேரம், 50 நிமிடம்

வெளி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன். வராதே என்று. அவளுக்கு அது வரவேற்பாகத் தெரிந்திருக்கும். படகின் முன்விளக்கை ஒருமுறை சிமிட்டினாள்.

வெடித்து 0 மணி நேரம்

கடிகாரம் தானே பூஜ்யத்துக்குத் திரும்பிக்கொண்டது. ஜன்னல் முழுக்க வெள்ளை. படகின் விளக்கு இல்லை.

வெடித்து 2 மணி நேரம்

புது வெடிப்பையும் சேர்த்து, நடுப்புள்ளியில் வைத்து, அவள் முறையில் பொருத்தினேன். உச்சி முப்பத்திரண்டு.

கப்பல் இந்தப் பக்கம் வந்ததும் கேப்டன் கேட்டார். "சுடலை, ரெஜினாகிட்டருந்து சத்தமே இல்ல. கணக்குல ஏதாவது தப்பா?"

"இல்ல சார். நடுப்புள்ளிதான் போட்டேன்" என்றேன்.

வெடித்து 7 மணி நேரம்

ஆக்சிஜன் கருவி நினைத்ததைவிட வேகமாக உறைகிறது, மூச்சு வாங்குகிறது. ஆவி அடங்கும்வரை இனி யாரும் இறங்க மாட்டார்கள். இதைக் கண்டெடுப்பவர் அட்டவணையைத் திறந்து பார்க்கலாம், எல்லாம் அதில் இருக்கிறது.

பொதுவரிசையை யாரும் அணைக்கவில்லை. எட்டுப் பேரும் அவளுக்காக அழுவது கேட்கிறது. எனக்காக இப்படி அழுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருக்