மங்கலம் விழுந்த அத்தியாயம்

திருவனந்தபுரம்,
9.8.2001

அன்புள்ள உமாசங்கர் அண்ணனுக்கு,

ஜெயபாய் எழுதுகிறேன். 'அன்புள்ள' என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது, இருக்கட்டும். சென்னையில் அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? இங்கே மழை விட்டபாடில்லை. அவருக்குத் தோள்வலி அப்படியேதான் இருக்கிறது.

நம் பழைய சர்க்கஸைப் பற்றி நீங்கள் எழுதிய நாவலை இங்கே படிக்காத தமிழர் இல்லை. பழவங்காடியில் சாமான் வாங்க நின்றால்கூட அதே பேச்சு. அடுத்த வீட்டு விஜயலக்ஷ்மி அழுதுகொண்டே வந்து, மங்கலத்தைக் கொன்ன ஆ துஷ்டன் புழுத்துத்தான் சாவான், இல்லியா சேச்சி என்று கேட்டாள். அந்தத் துஷ்டன் உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். செத்தவளின் பெயரை அப்படியே வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் தங்கையனை மட்டும் 'தங்கராசு' ஆக்கினால் ஆள் தெரியாது என்று நினைத்தீர்களோ? ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கி, பறந்து வரும் பெண்களைப் பிடித்த தமிழன் இந்த ஊரில் வேறு எவன் இருக்கிறான்?

போன ஞாயிறு தம்பானூரில் வாசகர் கூட்டம். நாவலில் வருகிறவரே நேரில் வர வேண்டும் என்று பேராசிரியர் ஞானசிகாமணி வீடு தேடி வந்து அழைத்தார். இவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், அத்தனை பெரிய புத்தகத்தை எங்கே படிப்பது? தனக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து வெளுத்த வேட்டி உடுத்துப் போனார், பாவி மனுஷன். பொன்னாடையும் போர்த்தினார்கள். பிறகு ஒரு காலேஜ் பெண் எழுந்து, பொறாமையில மங்கலத்தோட கையை விட்டப்போ மனசில என்ன தோணிச்சு சாரே என்று கேட்டாள். இவர் வாயே திறக்கவில்லை. பாருங்கள், நாவலில் வரும் அதே குற்றவாளியின் மௌனம் என்றார் பேராசிரியர். எல்லாரும் கைதட்டினார்கள் அண்ணே.

அது என்ன மௌனம் என்று உங்களுக்குமா தெரியாது? ஒருத்தி விழுந்துவிட்டால், பிடிக்கிறவனிடம் அதைப் பற்றிக் கூடாரத்தில் ஒருவரும் பேசக்கூடாது, அவனும் பேசக்கூடாது. அடுத்த ஆட்டத்தில் அவன் இன்னொருத்தியைப் பிடிக்க வேண்டுமே, மனசு கலங்கினால் கையும் கலங்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே மேனேஜராக இருந்த நீங்கள்தான். இன்றைக்கும் அவர் அந்த வழக்கத்தை மீறவில்லை. அதையே எடுத்து அவர் தலையில் கொலைப்பழியாகக் கட்டிவிட்டீர்களே, நல்லாயிருப்பீர்களா?

கை நழுவுவது எங்களுக்குத் தும்மல் மாதிரி. அதற்குத்தான் கீழே வலை. அன்றைக்கு வலை கிழிந்ததால்தான் மங்கலம் செத்தாள். வலைக்கயிறு இற்றுப்போச்சு என்று அவர் முன்னமே முதலாளியிடம் சொன்னபோது நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். இந்த சீசன் இதே வலையில் ஓடட்டும் என்று சொன்ன வாய் யாருடையது? நாவலில் முதலாளி தெய்வம், மேனேஜர் கண்ணீர் விடுகிறார், வலை கிழியவே இல்லை.

ஊர் என்ன வேண்டுமானாலும் பேசித் தொலையட்டும். பிள்ளையோடு வந்திருக்கும் என் மகள் பொன்செல்வியும் படித்துவிட்டாள். நேற்று அவர் பேரனைக் கொஞ்சித் தலைக்கு மேலே தூக்கினார். அவள் அடுக்களையிலிருந்து ஓடிவந்து, கொடுங்கப்பா என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றார். நான் நடந்ததைச் சொன்னால், நீங்க அப்பாவை விட்டுக்கொடுக்க மாட்டீங்கம்மா, அச்சில வந்தது பொய்யாகுமா என்கிறாள். அவரையாவது சொல்லச் சொன்னால், அதைப் பேசக்கூடாது ஜெயா என்று முடித்துவிடுகிறார். இன்று பிள்ளை தவழ்ந்து காலடிக்கு வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டார்.

நாவலைத் திருத்த வேண்டாம். வருகிற மாலையெல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். பொன்செல்விக்கு மட்டும் உங்கள் கைப்பட ஒரு கடிதம் போடுங்கள். புத்தகம் எழுதியவர் சொன்னால் நம்புவாள். வலைதான் கிழிந்தது என்று ஒரு வரி போதும், உங்களைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் சீக்கிரம் பேரப்பிள்ளைகள் பிறக்கட்டும் அண்ணே. அவர்கள் உங்கள் கைக்குப் பயப்படாமல் வரட்டும்.

இப்படிக்கு,
தங்கையன் மனைவி
ஜெயபாய்