ரதி கட்டிய கூறை

அன்பு மகளுக்கு,

உன் கணவருக்குக் கூத்தில் ஆர்வம் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல் 'ஆர்தல்' என்பதிலிருந்து பிறந்தது என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தேன். நிறைதல், வயிறார உண்ணுதல் என்று பொருள். ஒத்திகைக்காக, தேயிலைத் தோட்டத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கே போகாதவர் வீட்டில் யார் வயிறு நிறைந்தது?

லுணுகலைக் கடையில் உங்கள் தோட்டத்து மாரியாயி சொன்னாள்: "காமன் கூத்துல ஒங்க மருமகந்தாங்க ரதி! புருஷன் எரிஞ்சதும் வச்ச ஒப்பாரியில தோட்டமே அழுதிருச்சுங்க. கட்டியிருந்தது ஒங்க பொண்ணோட கூறைதாங்க."

உன் கல்யாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த கூறைப் புடவை. கேட்டிருந்தால் விதவை அழுகையையும் நானே சொல்லிக்கொடுத்திருப்பேன்.

பிள்ளைக்கு வெறும் கஞ்சித்தண்ணீராமே. வெள்ளிக்கிழமை தோட்டத்து வாசலில் மாட்டுவண்டி நிற்கும். பிள்ளையோடு ஏறிவிடு. கூறையை அவரிடமே விட்டுவிடு.

உலை வைத்துக் காத்திருக்கும்
உன் அம்மா