தோளில் இருக்கிற கை

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. டோர்ட்மண்ட்.

இறந்துபோன என் கணவரின் முப்பத்தோராம் நாளுக்கு, இவர் நினைவாகக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தின் முன்பக்கத்துக்கு இன்று படம் தேடினோம். விசாவுக்கு எடுத்த படங்களில் எல்லாம் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். சிரிக்கிற படம் ஒன்றே ஒன்று. போன தேர்தலில் நின்ற ஒருவர் தன்னுடைய துண்டுப்பிரசுரத்துக்கு எடுப்பித்தது. எங்கள் தமிழ் ஆட்களோடு தனக்கு நெருக்கம் என்று காட்ட, இவர் தோளில் கை போட்டு நிற்கிறார். பஸ் ஓட்டின இந்த மனிதனின் கையில், சமையல்காரர் போல, அகப்பையைக் கொடுத்து நிற்க வைத்திருக்கிறார்கள். வீட்டில் தேத்தண்ணிகூடப் போட்டறியாதவர். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு வந்திருக்கிறது.

மகள் கொம்பியூட்டரில் அந்த அரசியல்வாதியை வெட்டி எடுத்தாள். கை மட்டும் இவர் தோளிலேயே நின்றது.

“அம்மா, சனம் இது ஆரின்ர கை எண்டு கேக்கும். அதையும் அழிக்கட்டோ?”

“அழிச்சா அதுக்குக் கீழ என்ன இருக்கும்?”

“கொம்பியூட்டர் தானா அதில ஒரு தோளைக் கீறி நிரப்பிவிடும். ஒருத்தருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும் பிள்ளை. கையை விடு.”

கேட்கிறவர்களுக்கு அது கட்சிக்காரரின் கை என்று சொல்லிவிடலாம். இல்லாத தோளை இவருடையது என்று சொல்ல என்னால் ஏலாது.